டிரெட்மில்லுக்கு முன்னால் டம்பெல்: வீட்டு ஜிம்முக்கு முதலில் எதை வாங்கலாம்?

வீட்டில் உடற்பயிற்சிக்கு ஒரு மூலையை ஒதுக்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டிரெட்மில்தான். கையிலுள்ள பணத்திலும் அறையிலுள்ள இடத்திலும் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மிச்சம் இருப்பதில் இரண்டு சின்ன டம்பெல் வாங்கி ஓரமாக வைப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லாச் சாதனங்களையும் ஒப்பிட்டே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்குவது. மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடுபவர்களுக்கு அதில் பாதி போதும். இன்னொன்று, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி. முதலாவதுக்குத் தெரு இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. இரண்டாவதுக்கு உடம்பை எதிர்க்கும் ஒரு பளு வேண்டும்; அந்தப் பளு போகப்போகக் கூடவும் வேண்டும். தெருவில் அது கிடைக்காது.

முப்பது வயதைத் தாண்டியபின், பயிற்சி இல்லாத உடலில் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும். நடை இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் இந்தத் தேய்மானத்தை நிறுத்த நடை மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை தந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், பளுவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் நலிந்த தசையைத் தேற்றும் பயிற்சியை 1940-களில் ஒரு முறையான சிகிச்சையாகவே வகுத்தார். இன்றைய வலுப்பயிற்சி முழுவதும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஆகவே ஒரு சாதனத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இது: ஆறு மாதம் கழித்து என் பலம் கூடியபின், இதுவும் என்னோடு கூடுமா?

சாதனமே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நிறையத் தூரம் போகலாம். தண்டால் தள்ளும் தசைகளுக்குப் போதும். ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழுதல், கால்களுக்குப் போதும். அது எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில் செய்யலாம். குறை இருப்பது ஒரே இடத்தில். வெறும் தரையில் எதையும் இழுக்க முடியாது. முதுகு, தோள்பட்டையின் பின்புறம், முன்கை எல்லாம் இழுக்கும்போதுதான் வேலை செய்கின்றன. நாள் முழுக்கக் கூன் விழுந்து திரையைப் பார்த்திருப்பவர்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் இந்தத் தசைகள்தான். எனவே மிகக் குறைந்த செலவில் தொடங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது, இழுக்க வழி செய்யும் ஏதாவது ஒன்று: இழுத்துப் பயிலும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட், கதவு நிலையில் பொருத்தும் புல்-அப் பார், அல்லது குனிந்து இழுக்க ஒரு டம்பெல்.

புல்-அப் பார் அருமையான சாதனம். ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலோரால் அதில் ஒரு முறைகூட ஏற முடியாது. நாற்காலி போட்டு மேலே ஏறி நின்று, மெதுவாக இறங்கும் பகுதியை மட்டும் செய்து பழகலாம். திருகாணி அடிக்காமல் அழுத்தத்தாலேயே நிற்கும் வகை கைப்பிடி சுழலச் சுழலத் தளரும். ஒவ்வொரு முறையும் தொங்கிப் பார்த்த பிறகே முழு எடையையும் கொடுங்கள். நிலை உளுத்துப்போன மரம் என்றால் வேண்டவே வேண்டாம்.

பேண்டா, டம்பெல்லா?

பேண்டின் சிறப்பு, ஒரு பைக்குள் அடங்கிவிடும், விழுந்தாலும் சத்தமில்லை, பயணத்திலும் கூட வரும். தோள் வலியிலிருந்து மீள்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதன் மென்மை உதவும். குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. இழுக்க இழுக்கத்தான் அதன் எதிர்ப்பு கூடும். தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாதது போலவும் முடிவில் கல்லாகவும் இருக்கும். டம்பெல்லை எங்கே பிடித்தாலும் அதன் எடை அதேதான். இன்னொன்று, நேற்றைவிட இன்று கூடுதலாகச் செய்தேனா என்பதைப் பேண்டில் கண்டுபிடிப்பது கடினம். ஓரடி தள்ளி நின்றாலே கணக்கு மாறிவிடும். நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

பேண்டைக் கதவில் மாட்டி இழுப்பவர்களுக்கு ஒரு விஷயம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் இழுக்க வேண்டும். அப்போது நீங்கள் இழுக்கும் விசையே கதவை நிலையோடு சேர்த்து அழுத்தும். மாறி நின்றால், தாழ்ப்பாள் நழுவும் கணத்தில் கதவு முகத்துக்கு வரும். ரப்பர் வெயிலிலும் வியர்வையிலும் கெடும். சின்ன வெடிப்பு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்து தெறிக்கும் பேண்ட் கண்ணைப் பதம் பார்க்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் துணியுறை போட்டதையோ லேடெக்ஸ் கலக்காததையோ தேட வேண்டும்.

இனி டம்பெல். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான்.

மூன்று வகை இருக்கின்றன. எடை மாறாத ஒற்றை வார்ப்பு டம்பெல் தலைமுறைக்கும் உழைக்கும், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது, சட்டென்று கையில் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு எடைக்கும் ஒரு ஜோடி வேண்டும். கொஞ்ச நாளில் அறை நிரம்பிவிடும். டயலைத் திருப்பி எடை மாற்றும் வகை இடத்தை மிச்சம் பிடிக்கிறது, நொடியில் மாறுகிறது. ஆனால் உள்ளே நுணுக்கமான பூட்டுகள் இருக்கின்றன. அதைக் கீழே போடக் கூடாது. போஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் இரண்டு மாடல்களில், தூக்கும்போது தட்டுகள் கழன்று விழக்கூடும் என்பதால் அமெரிக்காவில் 2025-ல் சுமார் 38 லட்சம் டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்த வகையை வாங்குபவர்கள் தாங்கியிலிருந்து எடுத்ததும், தலைக்கு மேல் கொண்டுபோவதற்கு முன், தட்டுகளை லேசாக ஆட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, கம்பியில் தட்டுகளைக் கோத்து மரையால் இறுக்கும் வகை. பார்க்க எளிமையானது, மாற்றக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஒவ்வொரு செட்டுக்கும் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கும்) இடையில் மரையை இறுக்க வேண்டும். இருந்தாலும் முதல் முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்.

காரணம், எடையைச் சிறுகச் சிறுகக் கூட்ட முடியும் என்பது. முதுகுக்கு இழுக்கும்போது 15 கிலோவிலிருந்து 17.5 கிலோவுக்குப் போவது பெரிய விஷயமில்லை. தோளுக்குப் பக்கவாட்டில் தூக்கும்போது 5 கிலோவிலிருந்து 7.5-க்குப் போனால் அது 50 சதவீத உயர்வு. தோள் அதைத் தாங்காது. அரைக் கிலோ தட்டுகள் இருந்தால் இருபுறமும் ஒன்று போட்டு ஒரு கிலோ மட்டும் கூட்டலாம். மாதக்கணக்கில் ஒரே எடையில் சிக்கிக்கொண்டு பயிற்சியையே விட்டுவிடுபவர்களைக் காப்பாற்றுவது இந்தச் சின்னத் தட்டுகள்தான். கடைகளில் இவற்றை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

தட்டின் துளையையும் அளந்து வாங்குங்கள். ஒலிம்பிக் அளவுத் தட்டுகளின் துளை 50 மில்லிமீட்டர். சாதாரண வகை அதில் பாதியை ஒட்டி வரும். ஒன்றின் தட்டு மற்றதன் கம்பியில் நிற்காது. பிற்காலத்தில் பார்பெல், அதாவது இரு கையாலும் தூக்கும் நீளக் கம்பி, வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டும்.

எவ்வளவு எடை வேண்டும்? கைக்கு 20 கிலோ வரை ஏறக்கூடிய ஒரு ஜோடி, புதிதாகத் தொடங்குபவருக்கு மேலுடல் பயிற்சிகளில் நீண்ட காலம் போதும். கால்களுக்குச் சீக்கிரமே பற்றாது. அப்போது பின்காலை பெஞ்சில் வைத்து முன்காலில் மட்டும் உட்கார்ந்து எழுந்தால் அதே எடை இரு மடங்காகத் தெரியும். குறைந்த எடையால் பயனில்லை என்ற பயமும் தேவையில்லை. ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 சதவீதம் மட்டும் வைத்து, இனி முடியாது என்ற நிலைவரை செய்தாலும் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெறும் பலத்தைக் கூட்டுவதில்தான் கனமான எடை முந்துகிறது.

படுத்தோ சாய்ந்தோ டம்பெல் தூக்க ஒரு பெஞ்சும் வாங்கினால், அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அதில் எழுதியிருக்கும் தாங்கும் எடையில் உங்கள் உடல் எடையும் அடக்கம். சாய்வை மாற்றும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. உட்கார்ந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கெட்டில்பெல், பார்பெல், மல்டி ஜிம்

மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் ரஷ்யாவிலிருந்து பரவியது; 16 கிலோ கெட்டில்பெல் இத்தனை பரவலாக இருப்பதற்கு, சுமார் 16.4 கிலோ கொண்ட ‘பூட்’ என்ற பழைய ரஷ்ய எடை அளவே காரணம். வீசிச் செய்யும் ஸ்விங் பயிற்சி மூச்சையும் இடுப்பையும் ஒன்றாக வேலை வாங்கும். ஆனால் இடுப்பை மடக்கும் முறை கைவராமல் முதுகால் வீசினால் வலி நிச்சயம். எடையும் பெரும்பாலும் நான்கு நான்கு கிலோவாகத்தான் ஏறும். இரண்டாவதாக வாங்கலாம்.

பார்பெல்லைப் போலப் பலம் தரும் சாதனம் வேறில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கேட்கும் இடமும் அதிகம். ஆண்களுக்கான ஒலிம்பிக் கம்பி 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம்; பெண்களுக்கானது 15 கிலோ, 2.01 மீட்டர். நின்று தலைக்கு மேல் தூக்க நினைத்தால், கையை உயர்த்தி நின்று முஷ்டியின் உயரத்தை அளந்து, அதோடு பெரிய தட்டின் ஆரமான 22.5 சென்டிமீட்டரையும் கூட்டிப் பாருங்கள். மின்விசிறி அதற்கும் மேலே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தனியாகப் பயிற்சி செய்பவர் பாதுகாப்புக் கம்பிகள் கொண்ட ரேக் இல்லாமல் படுத்துக்கொண்டு பார்பெல் தூக்கவே கூடாது. கை தளர்ந்தால் அந்தக் கம்பி கழுத்தில் இறங்கும்; எடுத்துவிட ஆள் இருக்காது. டம்பெல்லில் இந்த ஆபத்து மிகக் குறைவு, பக்கவாட்டில் இறக்கிவிடலாம். ரேக்குக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடியாதவர்கள் டம்பெல்லோடு நிற்பதே நல்லது.

எடை அடுக்கைக் கேபிளால் இழுக்கும் மல்டி ஜிம் என்னும் நிலையம் வயதானவர்களுக்கும், தனியாக இருக்கையில் எடை மேலே விழுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் ஏற்றது. எடை அடுக்கு தன் தடத்தை விட்டு விலகாது. வீடு மாறும்போது அதைக் கழற்றி மாட்டுவது பெரும் பாடு. அடுக்கில் 40 கிலோ என்று முள்ளைச் செருகினாலும், சில புல்லி அமைப்புகளில் கைக்கு 20 கிலோதான் வந்து சேரும். கடையில் இழுத்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மூச்சு வாங்க வைக்கும் இயந்திரங்கள்

வெளியே நடக்க முடியாத காரணம் உண்மையாகவே இருந்தால் இயந்திரம் வாங்குங்கள். இரவுப் பணி, பாதுகாப்பில்லாத தெரு, கைக்குழந்தை, கடும் குளிர், புகை என்று நியாயமான காரணங்கள் பல உண்டு. அந்த நிலையில் எது என்பதுதான் கேள்வி.

டிரெட்மில் எல்லோருக்கும் பழகிய அசைவைத் தருகிறது, எலும்பின் மீது நல்ல தாக்கத்தையும் தருகிறது. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் ஒரு கணத்தில் எட்டும் உச்சம். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ந்து தரும் குதிரைத்திறன். நடைக்கு 120 சென்டிமீட்டர் நீளப் பட்டை போதும். ஓடுபவருக்கு 140-க்குக் குறைந்தால் கால் பின்விளிம்பைத் தொடும். பட்டைக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் உராய்வு கூடி மோட்டார் சூடாகிக் கெடும். பின்னால் இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து வைப்பது மிகத் தவறு, விழுந்தவரைப் பட்டை சுவரோடு அழுத்திவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பயிற்சி முடிந்ததும் பாதுகாப்புச் சாவியை உருவி எடுத்து உயரத்தில் வையுங்கள். ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு, பெலோட்டான் நிறுவனம் 2021 மே மாதத்தில் தன் ட்ரெட் பிளஸ் இயந்திரங்கள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது.

உடற்பயிற்சி சைக்கிள் இவற்றில் மிக அமைதியானது, மிகச் சிறியது, கெட்டுப்போவதும் குறைவு. உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். காந்த எதிர்ப்பு வகை சத்தமின்றி ஓடும். பட்டை உரசும் வகையில் அந்தப் பட்டை தேயும், மாற்ற வேண்டும். சக்கரம் கனமாக இருந்தால் மிதிப்பது சீராக இருக்கும். அதனால் பயிற்சி கடினமாகிவிடாது. இருக்கை உயரத்தைச் சரிபார்க்க ஒரு வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பலர் இருக்கையைத் தாழ வைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். அதன் உண்மையான குறை வேறு. உட்கார்ந்தே செய்வதால் எலும்புக்குச் சுமை ஏறாது. சைக்கிள் வாங்குபவருக்கு டம்பெல் இன்னும் அவசியமாகிறது.

படகு வலிப்பதுபோல இழுக்கும் ரோயிங் மெஷின் கால், முதுகு, கை மூன்றையும் ஒன்றாக வேலை வாங்குகிறது. காற்றை எதிர்த்துச் சுழலும் வகையில் நீங்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் ஏறும். பலம் கூடினால் இயந்திரமும் கூடவே வரும். அதனால் மூச்சு வாங்க வைக்கும் இயந்திரங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. சுமார் இரண்டரை மீட்டர் நீள இடம் பிடிக்கும், காற்றுச் சத்தமும் உண்டு. கால் தள்ளி, முதுகு சாய்ந்து, கை இழுக்க வேண்டும்; திரும்பும்போது கை, முதுகு, கால் என்று வரிசை மாறும். முதுகை வளைத்துக்கொண்டு கையால் மட்டும் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே கீழ்முதுகு வலி இருப்பவர்கள் சைக்கிள் பக்கம் போகலாம்.

நின்றபடி பெடல்களை நீள்வட்டமாக மிதிக்கும் எலிப்டிகல் மூட்டுக்கு இதமானது. அடி நீளம் 45 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உயரமானவர்களுக்குக் குறுகலாக இருக்கும், அவ்வளவே. இவை எல்லாவற்றிலும் திரையில் ஓடும் கலோரிக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வெறும் உத்தேசம்.

தரை, பழைய பொருள், பழகும் முறை

வீடுகளின் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. டம்பெல்லும் பெஞ்சும் அதற்குள் எளிதாக அடங்கும். மாடி வீட்டில் கனமான பார்பெல்லைத் தொப்பென்று போடுவதுதான் தொல்லை; கீழே குடியிருப்பவர்களுக்கும் அது நியாயமல்ல. தரைக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு போதும். யோகா விரிப்பு எடையின் கீழ் நசுங்கிக் கால் தடுமாற வைக்கும்.

பழைய இரும்பைத் தயங்காமல் வாங்கலாம்; துருவைத் தேய்த்தால் போய்விடும், எடை எங்கும் போகாது. மோட்டார் உள்ளதைப் பழையதாக வாங்கும்போது அதில் ஏறிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். கருகல் வாடையோ, கால் வைக்கும்போது பட்டை தயங்கித் தயங்கி ஓடுவதோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழகும் முறை எளிது. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடக்கித் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், எடையைக் கையில் பிடித்து நடத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று செட். எல்லாச் செட்டிலும் 12-ஐத் தொட்டுவிட்டால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டுங்கள். தேதியும் எடையும் எண்ணிக்கையும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாதவர்கள் ஒரே எடையிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறிப்பாக. இதய நோய் இருப்பவர்களும், நடந்தாலே நெஞ்சு இறுகுபவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். டம்பெல்லைக் கட்டிலுக்கடியில் தள்ளாமல் கண்ணில் படும் இடத்தில், பெஞ்சை விரித்தபடியே வையுங்கள். எடுத்து விரிக்க ஐந்து நிமிடம் ஆகும் என்றால் அலுப்பான நாளில் அந்த ஐந்து நிமிடமே காரணமாகிவிடும்.

எல்லாத் தட்டுகளையும் ஏற்றியபிறகும் ஒற்றைக் கால் ஸ்குவாட்டும் முதுகு இழுப்பும் 12-ஐத் தாண்டிப் போகின்றன என்று நோட்டு காட்டும்போது, அடுத்ததை வாங்க நேரம் வந்துவிட்டது. வெளியே நடக்க வழியில்லாதவர் அப்போது ரோயிங் மெஷினையோ சைக்கிளையோ எடுக்கலாம். மற்றவர்கள் ரேக்கும் பார்பெல்லும் பார்க்கலாம். கம்பியின் இருபுறமும் தட்டு மாற்ற ஆள் நின்று வேலை செய்ய, சுவருக்குச் சுவர் மூன்று மீட்டராவது இருக்கிறதா என்று அளந்த பிறகு.